மயிலின் நாற்பத்தோராவது கண்

போன மாதம் எனக்கு ஒரு கவர் வந்தது. மூலை வெட்டப்படாத முழுக் கவர். நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த ஏலக்காய்க் கம்பெனியிலிருந்து, பழைய முதலாளியின் பேரன் எழுதியிருந்தான். கம்பெனி ஆண்டு மலர் போடுகிறதாம். 'வரவேற்பறையில் தொங்கும் ஸ்டாம்பு மயிலை உருவாக்கியவர் என்ற முறையில் தங்கள் இனிய நினைவுகளை இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பவும். தோகையில் ஒரு கண்ணை மட்டும் ஓட்டையாக விடும் போடிநாயக்கனூர் மரபைப் பற்றியும் விளக்கவும்' என்று கேட்டிருந்தான்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. போடியில் பிறந்து போடியிலேயே வாழ்க்கைப்பட்டவள். இப்படி ஒரு மரபை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஓட்டையைப் போட்டவள் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சவர பிளேடால் போட்டேன். அது எப்படி மரபானது என்று சொல்ல இரண்டு பக்கம் போதாது. இனிமையாகவும் இருக்காது. அவர்கள் அச்சில் போடமாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அந்தக் கம்பெனியின் கிடங்கில் ஏலக்காய் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அது ஒரு வித்தையா என்று கேட்பவர்கள் ஒருநாள் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சல்லடை பருமனைத்தான் பிரிக்கும். நிறத்தைக் கண்தான் பிரிக்க வேண்டும். நல்ல பச்சை, இளம்பச்சை, வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது என்று முறத்தில் கை ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வருஷத்தில் என் கண்ணுக்கு ஏழெட்டுப் பச்சை தெரிந்தது. வீட்டுக்குக் கீரை வாங்கினால்கூட அதையும் ரகம் பிரிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் மேனேஜர் தெய்வேந்திரன் சரக்கு விஷயமாகக் கொச்சிக்குப் போனார். அங்கே ஒரு வியாபாரியின் வீட்டில், ஸ்டாம்புகளை ஒட்டிச் செய்த கப்பல் படம் ஒன்றைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்தவருக்கு ஏலக்காய் நினைப்பே இல்லை. நேரே கிடங்குக்குள் வந்து என் முறத்துக்கு முன்னால் நின்றார்.

"நம்மகிட்ட இல்லாத ஸ்டாம்பா? குவைத்து, துபாயின்னு தெனம் வருது, குப்பையில போடுறோம். பேச்சி, ஒனக்குத்தான் நெறம் தெரியுமே. ஒரு படம் பண்ணு பாப்போம்."

"எனக்கு வரையத் தெரியாது சார்."

"வரையவா சொன்னேன்? ஒட்டத்தான சொன்னேன். கஞ்சி காய்ச்சுறவளுக்குப் பசை காய்ச்சத் தெரியாதா?"

அன்றோடு முறம் போய்க் கத்தரி கைக்கு வந்தது. சம்பளம் மட்டும் முறத்தோடேயே நின்றுவிட்டது.

இன்று பிள்ளைகள் கடையில் பொட்டலமாக ஸ்டாம்பு வாங்கி, டியூபிலிருந்து பசையைப் பிதுக்கி ஒட்டிவிட்டு, அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயரும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வம்பு வந்ததே அந்த முறையால்தான்.

முதலில் கவரின் மூலையை ஸ்டாம்போடு சேர்த்து வெட்ட வேண்டும். ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட வேண்டும். அதன் ஓரத்துப் பல்லில் கத்தரி பட்டால் அவ்வளவுதான், அந்த ஸ்டாம்பு எதற்கும் உதவாது. வெட்டினால் இரண்டு தாள் வரும். முன்தாளில் ஸ்டாம்பு இருக்கும், பின்தாள் கவரின் முதுகு. முன்தாளை ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கால் மணி நேரத்தில் ஸ்டாம்பு தானாக நழுவும். அவசரப்பட்டுப் பிய்க்கக் கூடாது. நழுவியதை எடுத்துப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே ஐந்து கிலோ எடைக்கல்லை ஏற்றினால் மறுநாள் சுருக்கமில்லாமல் வரும். பிறகு நிறம் பிரித்துத் தீப்பெட்டிகளில் போட்டுவைப்பேன்.

பசைக்கு மைதா. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். ஸ்டாம்பு மட்டும் போதாது. சிகரெட்டு டப்பாவின் வெள்ளித்தாள், கல்யாணப் பத்திரிகையின் ஜிகினா ஓரம், சாக்கு நூல், பீடிக்கட்டின் லேபிள், காய்ந்த ஏலக்காய்த் தோல் எல்லாம் என் மேஜைக்கு வந்துசேரும். ஏலக்காய்த் தோலை நீளவாக்கில் கிழித்து ஒட்டினால் மரப்பட்டையேதான். தலைவர்கள் படம் போட்ட ஸ்டாம்பில் எங்களுக்கு வேண்டியது கோட்டின் நிறம். எத்தனையோ பெரிய மனிதர்களின் கோட்டு என் கையால் மண்ணாகவும் பாறையாகவும் ஆகியிருக்கிறது. கடைசியில் எல்லாவற்றின் மேலும் இரண்டு கை வார்னிஷ்.

மேனேஜர் கத்தரியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காலை பத்தரைக்கு வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்கு மூன்றடி தள்ளி நிற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், மறுபடி மூக்குக்கு இறக்குவார். "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. படம் நன்றாக வந்தால் "நாம பண்ணிட்டோம் பேச்சி" என்பார். ஒரு ஸ்டாம்பு கோணிவிட்டால் "நீ கெடுத்துட்டியே பேச்சி" என்பார். முடிந்ததும் வலது ஓரத்தில் தங்க மையால் 'தெய்வேந்திரன், போடி' என்று கையெழுத்து விழும். நான் எந்தப் படத்தை ஆரம்பித்தாலும் அந்த இடத்தை முதலில் அளந்து ஒதுக்கிவிடுவேன்.

முதல் படம் இந்தியா. பச்சை ஸ்டாம்பு நிறைய இருந்ததால் கேரளா கொஞ்சம் தாராளமாக வந்துவிட்டது. முதலாளி வந்து பார்த்தார்.

"போடிமெட்டு எங்கய்யா இருக்கு?"

மேனேஜர் எல்லை மலையில் விரலை வைத்தார். விரல் கிட்டத்தட்ட மதுரையில் இருந்தது.

"அப்ப நம்ம கிடங்கு, என் வீடு, எங்க மாமனார் வீடு எல்லாம் கேரளாவுக்குப் போயிருச்சா?"

"நீ கெடுத்துட்டியே பேச்சி" என்றார் மேனேஜர். மறுநாள் கேரளாவை நனைத்து உரித்து, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். எல்லைத் தகராறு அரை நாளில் தீர்ந்தது.

படங்கள் பெருகப் பெருகக் கம்பெனிக்கு வரும் ஸ்டாம்பு போதவில்லை. மேனேஜரின் பார்வை தொழிலாளிகளின் தபால் மேல் திரும்பியது. எங்கள் எஸ்டேட் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு வரும் கடிதம் எல்லாம் போடிக் கம்பெனி விலாசத்துக்கே வரும். கம்பெனியில் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். சனிக்கிழமை ஜீப்பு மேலே ஏறும்போது சாக்குப்பையில் அள்ளிப் போட்டு அனுப்புவார்கள். திங்கட்கிழமை வந்த கடிதமும் சனிக்கிழமைதான் போகும். சாவுச் சேதியும் சனிக்கிழமைதான்.

அந்தப் பெட்டிக்கு மேலே மேனேஜர் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார். 'கடிதம் தொழிலாளிக்குச் சொந்தம். ஸ்டாம்பு கம்பெனிக்குச் சொந்தம்.' விலாசம் கம்பெனியுடையது, ஆகவே ஸ்டாம்பும் கம்பெனியுடையது என்பது அவருடைய சட்டம். நான் கவரைச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளே இருக்கும் கடிதத்தைத் தட்டி அடிப்பக்கம் தள்ளிவிட்டு, மூலையை வெட்டுவேன். சில சமயம் கடிதத்தின் தேதியும் ஊர்ப்பெயரும் கத்தரியோடு வந்துவிடும். 'போகட்டும், விஷயம் உள்ளே இருக்கிறதே' என்று நினைத்துக்கொள்வேன்.

மலையில் இதற்கு 'மூக்கறுத்த கவரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாடசாமி என்று களை வெட்டுகிறவர் ஒருவர். தேவாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி ஜீப் டிரைவர் தங்கையாவிடம் கொடுத்தனுப்பினார். கவரின் மூலையை அவரே அளவாக வெட்டி, வெட்டின இடத்துக்குக் கீழே புது ஸ்டாம்பை ஒட்டியிருந்தார். இது என்ன கூத்து என்று தங்கையா கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை, தங்கையா கிடங்கில் வந்து நடித்தே காட்டினார்:

"எல்லாக் கவரும் அப்படித்தானப்பு வருது. வெட்டாம அனுப்புனா சம்பந்தகாரக மரியாதை தெரியாத ஆளுன்னு நெனைச்சுக்கிற மாட்டாகளா?"

கிடங்கே சிரித்தது. கத்தரி வைத்திருந்த நான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

மயில் வந்தது எண்பதுகளின் ஆரம்பத்தில். கம்பெனிக்குப் புதிதாக வரவேற்பறை கட்டினார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. சுவரை அடைத்துத் தொங்குகிற மாதிரி தோகை விரித்த மயில் வேண்டும் என்றார் மேனேஜர். உடம்புக்கு நீல ஸ்டாம்பு இருந்தது, கழுத்துக்கு வெள்ளித்தாள் இருந்தது. தோகையில் இருக்கும் கண்களுக்கு என்ன செய்வது என்று இரண்டு வாரம் திண்டாடினேன்.

விடை கவரின் முதுகில் இருந்தது. கடிதம் போடிக்கு வந்துசேர்ந்த அன்று தபாலாபீசில் ஒரு வட்ட முத்திரை குத்துவார்கள், நடுவில் தேதியோடு. அப்போது குத்தியவர் யாரோ, நான் பார்த்ததில்லை. ஆனால் கை என்றால் அப்படி ஒரு கை. பிசிறில்லாத வட்டம், எந்தக் கவரானாலும் முன்பக்கத்து ஸ்டாம்புக்கு நேர் பின்னால் விழும். நான் மூலையை வெட்டும்போது பின்தாளில் அந்த வட்டமும் கூடவே வந்துவிடும். அதைச் சுற்றிக் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி, நீலமும் பச்சையும் தவிட்டு நிறமுமாக வளையம் போட்டால் அசல் மயில் கண். கம்பெனிக் கவர்களின் முதுகை ஃபைலில் வைத்துவிடுவார்கள். தொழிலாளிகளின் கவர்தான் கேட்பாரில்லாமல் கிடைத்தது. மூன்று மாதத்தில் நாற்பத்தொரு கண் சேர்த்தேன்.

அதில் கடைசியாகக் கிடைத்ததுதான் எல்லாவற்றிலும் அழகு. ஏதோ சர்க்கார் கவரின் பழுப்புத் தாள். போடி முத்திரைக்குப் பக்கத்தில் அனுப்பிய அலுவலகத்தின் ஊதா ரப்பர் முத்திரையில் பாதி விழுந்திருந்தது. நான் வளையம் போட வேண்டிய வேலையே இல்லை, ஊதா விளிம்பு தானாக அமைந்துவிட்டது. அதைத் தோகையின் உச்சியில், நட்டநடுவில் வைத்தேன்.

மேனேஜர் மூன்றடி தள்ளி நின்றார். "மயிலுக்கு நெத்திக்கண்ணு மாதிரி இருக்கு. நாம பண்ணிட்டோம் பேச்சி" என்றார்.

வியாபாரிகள் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. மயிலுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு, பட்டுத்துணி மூடி, வரவேற்பறையில் சாத்தி வைத்தாயிற்று. புதன்கிழமை மத்தியானம் சரசு வந்தாள்.

சரசு எங்கள் எஸ்டேட்டில் காய் எடுக்கும் பெருமாத்தாளின் மகள். போடியில் விடுதியில் தங்கிப் பத்தாவது தேறியவள். அந்த லயத்தில் பத்தாவது தேறிய முதல் ஆள். தேறிவிட்டு என்ன, அம்மாவோடு சேர்ந்து எட்டு வருஷம் காய் எடுத்தாள். நர்சுப் பயிற்சிக்கு மூன்று தடவை மனுப் போட்டு, மூன்றாவது தடவைதான் இடம் கிடைத்தது. அதற்கான உத்தரவு போன சனிக்கிழமை ஜீப்பில் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"யக்கா, இந்தக் கவரோட மூலை எங்க இருக்கு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மூலையை வச்சு என்ன ஆத்தா பண்ணப் போற? கடுதாசி உள்ள பத்திரமா இருக்குல்ல?"

"கடுதாசியில ரெண்டாந்தேதின்னு போட்டிருக்குக்கா. கெடைச்சு பதினஞ்சு நாளைக்குள்ள சேரணுமாம். நேத்து மருதைக்குப் போனேன். நாளு முடிஞ்சு போச்சுன்னுட்டாக. எனக்குக் கெடைச்சதே போன சனிக்கிழமைதான்னு அழுதேன். அப்ப கவரைக் காட்டு, போடியில என்னைக்கு முத்திரை விழுந்துச்சுன்னு பாப்போம்னாக. கவரைப் பாத்துட்டு, மூலையை வெட்டி எறிஞ்சுட்டுக் கதை சொல்றியான்னு கேக்குறாக." அவள் மூச்சு வாங்கினாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொண்டாரலைன்னா எடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுத்துருவாகளாம். அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்க்கா."

கவரை வாங்கித் திருப்பினேன். பழுப்புத் தாள். வெட்டின ஓரத்தில், ஊதா ரப்பர் முத்திரையின் பாதி நின்றுகொண்டிருந்தது.

மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக ஆயிரம் மூலை வெட்டியிருக்கிறேன். வெட்டிப்போன பிறகு அந்தக் கவருக்குச் சொந்தக்காரி என் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆண்டவனே வந்து கேட்டாலும் அந்தக் கண்ணு நகராது பேச்சி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரன் வந்து துணியை வெலக்குறான். நெத்தியில ஓட்டையோட மயிலு நின்னா கம்பெனி மானம் என்னாகும்?"

"பிள்ளை பொழப்பு போயிரும் சார்."

"போகாது, நான் எதுக்கு இருக்கேன்? லெட்டர்பேடு கொண்டா."

அழகான கையெழுத்தில், கம்பெனி முத்திரையோடு எழுதினார்: 'மேற்படி சரஸ்வதி என்பவருக்கு வந்த கவரின் மூலையானது எங்கள் கிடங்கில் எலியால் கடிக்கப்பட்டது என்று இதன்மூலம் சான்றளிக்கிறோம்.'

"கவரு என்னைக்கு வந்துச்சுன்னு எழுதுங்க சார். அதான வேணும்."

"திங்கக்கிழமை வந்துச்சுன்னு எழுதுனா, சனிக்கிழமை வரைக்கும் நீங்க ஏன் வச்சிருந்தீகன்னு கேப்பான். எலின்னா ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது."

அந்தக் காகிதத்தை மடித்துச் சரசுவின் கையில் கொடுத்து, "போயிட்டு வா ஆத்தா, நல்லா நடக்கும்" என்று அனுப்பிவைத்தது நான்தான். இதை எழுதும்போது கூசுகிறது. மயில் மேல் எனக்கும் ஆசை இருந்தது. மூன்று மாத உழைப்பு. கையெழுத்து அவருடையதாக இருந்தாலும் கை என்னுடையது என்று ஒரு பெருமை.

வியாழக்கிழமை சாயங்காலம் சரசு திரும்பி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எலி கத்தரிக்கோலு வச்சிருந்துச்சாம்மான்னு கேட்டாக. ஆபீசே சிரிச்சுச்சு."

நான் மேஜை மேல் கிடந்த கத்தரியை எடுத்து உள்ளே வைத்தேன்.

"நீங்கதான் வெட்டுறீகன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கவரைத் தடவிப் பாத்துட்டு, 'பேச்சி கைபட்ட கவரு'ன்னு சொல்லிக் குடுக்கும். கோவமால்லாம் சொல்லாது. சும்மா சொல்லும்."

காலையில் கவரோட வெரசா கிளம்பி வா என்று மட்டும் சரசுவிடம் சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிடங்கு திறந்ததும் வரவேற்பறைக்குள் போனேன். மேனேஜர் வருவது பத்தரைக்கு. மயிலை மெதுவாகத் தரையில் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளைப் பாக்குவெட்டியால் ஒவ்வொன்றாக நெம்பினேன். பதினாறு ஆணி. பின்பலகையை எடுத்துவிட்டுப் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்தேன். வார்னிஷ் போட்டதைத் தண்ணீர் காட்டி உரிக்க முடியாது. அதனால் கண்ணை மட்டும் தனியாக எடுக்கப் பார்க்காமல், சவர பிளேடால் அதைச் சுற்றி அடியில் இருக்கும் அட்டையோடு வெட்டினேன். ஒரு நூல் உள்ளே போயிருந்தால் ஊதா விளிம்பு போயிருக்கும்.

வில்லை போல வந்தது. சரசுவின் கவரை வெளிச்சத்தில் வைத்து, வெட்டின ஓரத்துக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோனேன். பாதி முத்திரை பாதி முத்திரையோடு பொருந்தி முழு வட்டமானது. கண்ணின் நடுவில், போடி முத்திரையில் தேதி பளிச்சென்று இருந்தது: பத்தொன்பது.

படத்தைத் திரும்பப் பொருத்திப் பின்பலகையை அடித்து, சுவரில் சாத்தி, பட்டுத்துணியைப் பழையபடி மூடிவிட்டு, சரசுவோடு மதுரை பஸ்சு ஏறினேன். வேலை போய்விடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. வழியெல்லாம் வேறு எந்தக் கிடங்கில் முறம் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர் வெற்றிலை போட்ட வாயோடு எங்களைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன, பூனையா?" என்றார். நான் கவரை மேஜை மேல் வைத்து, பக்கத்தில் மயில் கண்ணை வைத்தேன். அவர் அதை எடுத்தார். ஊதா விளிம்பைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இதென்னம்மா, வார்னிஷ் வாடை அடிக்குது?"

"தேதியைப் பாருங்க சார். முத்திரையைச் சேத்து வச்சுப் பாருங்க."

சேர்த்து வைத்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் விரலை மடக்கி எண்ணினார். "பத்தொன்பதுல இருந்து பதினஞ்சு நாளுன்னா இன்னும் டைம் இருக்கே."

"மூலையை வெட்டுனது யாரு?" என்றார் தலைமை எழுத்தர்.

"நான்தான் சார்."

"அப்ப அந்த எலி?"

"அந்த எலியும் நான்தான்."

அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். என் பேரை அடியில் போட்டுக் கொடுத்த முதல் வேலை அதுதான். கவரையும் கண்ணையும் கோப்பில் வைத்துக் கட்டினார்கள். சரசுவை அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கிடங்குக்குப் போனேன். முதல்நாள் நடந்ததைப் பிரிக்கிற பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பதினோரு மணிக்குத் துணியை விலக்கினார்களாம். மயிலின் உச்சியில் ஓட்டை, ஓட்டைக்குள் பின்பலகை. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லையாம். எல்லாம் அரை நிமிஷம்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில், "இது எங்க ஊர் மரபு. அழகான பொருளில் ஒரு குறை வைத்தால்தான் திருஷ்டி படாது" என்றாராம். வந்தவர்கள் கைதட்டினார்களாம். ஒருவர் ஓட்டையை மட்டும் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

பத்தரைக்கு மேனேஜர் வந்தார். மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டி நின்றார். 'போ வெளியே' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"ம்" என்றார். "ஓட்டை நல்லா வந்திருக்கு. நாம பண்ணிட்டோம் பேச்சி. அடுத்த படத்துலயும் ஒண்ணு வச்சிரு."

அந்தத் துணிச்சலில்தான் நானும் சொன்னேன். "மேல போற கவருல இனிமே நான் கத்தரி வைக்க மாட்டேன் சார். கம்பெனிக்கு வர்றது போதும்."

அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். எலிச் சான்றிதழ் மதுரைக் கோப்பில் அவர் கையெழுத்தோடு இருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடியும் "ம்" என்றார். அட்டை சுவரிலேயே தொங்கியது. ஜீப்பு சனிக்கிழமைதான் ஏறியது. நான் ஒன்றும் புரட்சி பண்ணிவிடவில்லை. மூலை மட்டும் தப்பியது. முழுக் கவர்கள் மேலே போக ஆரம்பித்த ஒரு மாதத்தில் மாடசாமி தங்கையாவிடம் கேட்டாராம்: "என்னப்பு, கவரை வெட்டாம அப்படியே விட்டெறியிறாக? நம்ம மேல எதுவும் கோவமா?"

சரசு நர்சாகி, பொட்டிபுரம் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து, அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். ஒருமுறை காய்ச்சலுக்கு அவளிடம் ஊசி போடப் போனேன். மெதுவாகப் போடச் சொன்னேன். "கவரை வெட்டும்போது மெதுவாவாக்கா வெட்டுனீக?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போட்டாள். வலித்தது.

தம்பி, நீங்கள் கேட்ட மரபு இதுதான். உங்கள் மலரில் இதற்கு இடம் இருக்காது. திருஷ்டிக் கதையையே போட்டுக்கொள்ளுங்கள், வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் இல்லாமல் போன ஒரு கண்ணைப் பற்றித்தான் இத்தனை வருஷமும் எல்லோரும் கேட்கிறார்கள். அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இருக்கிற நாற்பதை யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒருதடவை கிட்டே போய்ப் பாருங்கள். வார்னிஷுக்கு அடியில் தேதிகள் இன்னும் தெளிவாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு லயத்து வீட்டுக்கு வந்த கடிதத்தின் தேதி. பள்ளிக்கூடம் போனவள் என்பதால் சரசு மூலையைக் கேட்டு வந்தாள். மற்ற நாற்பது கவருக்கு உரியவர்களில் யாருக்கு எது தவறிப்போனது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. நானும் மேலே போய் அவர்களைக் கேட்கவில்லை.